வாசகர் கேள்வி–பதில்: ரோமர்கள் கும்பிட்ட தெய்வங்கள்

சென்ற இதழில், இத்தாலியின் பொம்பெயி நகர இடிபாடுகளில் 1938ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட இந்தியத் தந்தச் சிலையைப் பற்றி இப்பகுதியில் சில வரிகள் எழுதியிருந்தேன். சிலையைப் பற்றி மேலும் கேட்டவர்களைவிட, அதை வாங்கி வீட்டில் வைத்திருந்த ரோமர்கள் எதைக் கும்பிட்டார்கள், எப்படிக் கும்பிட்டார்கள் என்று கேட்டவர்களே அதிகம். ஆகவே இம்மாதப் பக்கங்களை அக்கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

பட்டர்வொர்த் வாசகி: மகளுடன் பொம்பெயிக்குச் சென்றிருந்தபோது, ஒரு வீட்டுச் சுவரில் சிறு கோயில் முகப்பைப் போன்ற மாடத்தையும் அதன் கீழே பெரிய பாம்பின் ஓவியத்தையும் கண்டேன். அது அவர்களுடைய சாமி அறையா? பாம்பு எதற்காக?

நீங்கள் கண்டது 'வெத்தியர் வீடு' என்று இன்று அழைக்கப்படும் மாளிகையின் மாடமாக இருக்கலாம். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பல் மூடிப் பாதுகாத்த ஓவியங்களுள் அதுவும் ஒன்று. நடுவில், மேலாடையால் தலையை முக்காடிட்டு, ஒரு கையில் மது வார்க்கும் தட்டும் மறு கையில் சாம்பிராணிப் பெட்டியுமாக நிற்பவரை ரோமர்கள் 'ஜீனியஸ்' என்றார்கள். குடும்பத் தலைவர் பிறக்கும்போது அவருடன் சேர்ந்து பிறந்து, அவருடைய வம்சம் தழைக்கக் காரணமாக இருக்கும் ஆற்றலே அது; அவருடைய பிறந்தநாளில் அதற்கு வழிபாடு நடக்கும். மேதையைக் குறிக்க நாம் இன்று வழங்கும் 'ஜீனியஸ்' என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். இரு பக்கமும் மதுக்கொம்பை உயர்த்தியபடி ஆடும் இளைஞர்கள் 'லார்கள்', அதாவது வீட்டையும் அதில் வாழ்வோரையும் காக்கும் தெய்வங்கள். கீழே பலிபீடத்தை நோக்கி ஊர்ந்து வரும் பாம்பு அந்த இடத்தின் காவல் சக்தியின் வடிவம். புற்றுக்குப் பால் வார்த்துப் பழகிய நமக்கு அதில் வியப்பு தோன்றாது. ஐரோப்பியப் பயணிகள்தாம் அதன் முன் நின்று முகம் சுளிக்கிறார்கள்.

சாமி அறை என்று தனியே ஓர் அறையை அவர்கள் பெரும்பாலும் ஒதுக்கவில்லை. முற்றத்திலோ சமையலறையிலோ தோட்டத்திலோ ஒரு மாடம் இருக்கும். வசதி படைத்த வீடுகளில் ஒன்றுக்கு மேற்பட்டவையும் இருந்தன, அவற்றுள் சமையலறையில் இருந்ததை வீட்டு அடிமைகள் கும்பிட்டார்கள். உணவுப் பண்டங்கள் வைக்கும் அறையைக் காப்பவர்கள் 'பெனாத்தர்கள்'. அடுப்புத் தீயே 'வெஸ்தா' என்னும் தெய்வம். உணவு வேளையில் ஒரு பங்கை எடுத்துத் தீயில் இடுவது வழக்கம். பையன் வளர்ந்து பெரியவர்களின் ஆடையை முதன்முதலாக அணியும் நாளில், குழந்தைப் பருவம் முதல் கழுத்தில் தொங்கிய தாயத்தைக் கழற்றி லார்களுக்குச் சாத்தினான். மணமாகி வரும் பெண் மூன்று காசு கொண்டுவந்து, ஒன்றைக் கணவனுக்கும், ஒன்றை வீட்டு லாருக்கும், ஒன்றை அக்கம்பக்கத்துச் சந்தியில் இருந்த லாருக்கும் கொடுத்தாள்.

அந்தச் சந்தித் தெய்வங்களைப் பற்றி ஒரு சொல். தெருக்கள் கூடும் இடங்களில் சிறு கோயில் கட்டி, குளிர்காலத் திருவிழாவின்போது வீட்டில் உள்ள சுதந்திரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மையும், அடிமை ஒவ்வொருவருக்கும் ஒரு கம்பளி உருண்டையும் இரவில் அங்கே கட்டித் தொங்கவிடுவார்கள். உயிருள்ளவர்களை விட்டுவிட்டு இவற்றை ஏற்றுக்கொள் என்பது கருத்து. கி.பி. 73இல் எடுத்த கணக்கின்படி ரோம் நகரில் இத்தகைய சந்திகள் 265 இருந்தன. பட்டர்வொர்த்தில் மரத்தடியிலும் சாலை முனையிலும் சிவப்பு வண்ணத்தில் நிற்கும், மண்ணின் காவல் தெய்வமான டத்தோ கோங்கின் மாடங்களைத் தினமும் கடந்து செல்லும் உங்களுக்கு, நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

செந்தூல் வாசகர்: கிரேக்கத் தெய்வங்களின் பெயரை மட்டும் மாற்றி ரோமர்கள் கும்பிட்டார்கள் என்று பள்ளியில் படித்தேன். அவர்களுக்குச் சொந்தமாக ஒன்றுமே இல்லையா?

கதைகளைப் பொறுத்தவரை நீங்கள் படித்தது பெருமளவு சரி. வழிபாட்டைப் பொறுத்தவரை தவறு. கிரேக்கரின் தலைமைத் தெய்வமான சியூஸ் செய்த லீலைகளையெல்லாம் ரோமரின் ஜூபிட்டர் தலையில் ஏற்றியவர்கள் கவிஞர்கள். ஜூபிட்டர் என்ற பெயரோ கிரேக்கத்திலிருந்து இரவல் வாங்கியதன்று. வேதத்தில் வரும் 'த்யௌஸ் பிதர்', கிரேக்கரின் 'சியூஸ்', ரோமரின் 'ஜூபிட்டர்' ஆகிய மூன்றும் ஒரே பழஞ்சொல்லின் கிளைகள் என்று மொழியியலார் நிறுவியிருக்கிறார்கள். வானத் தந்தை என்பதே பொருள்.

கிரேக்கத்தில் இணையே இல்லாத ரோமத் தெய்வம் ஜானுஸ். முன்னும் பின்னும் பார்க்கும் இரண்டு முகங்களை உடையவர், வாசலுக்கும் தொடக்கத்திற்கும் உரியவர். எந்தத் தெய்வத்திற்குப் பூசை செய்தாலும் முதலில் ஜானுஸை அழைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்; அந்த இடத்தில் நாம் பிள்ளையாரை வைத்திருக்கிறோம். ஜனவரி மாதம் அவர் பெயரால் அமைந்தது. ரோமில் இருந்த அவருடைய கோயிற் கதவு போர்க்காலத்தில் திறந்தும் அமைதிக்காலத்தில் மூடியும் இருக்கும். தம் காலத்தில் அது மூன்று முறை மூடப்பட்டது என்று பேரரசர் அகஸ்டஸ் தம் சாதனைகளுள் ஒன்றாக எழுதி வைத்தார். இவரைத் தவிர, எல்லைக் கல்லுக்குத் தெர்மினுஸ், கோதுமைப் பயிரைத் தாக்கும் துரு நோய்க்கு ரோபிகுஸ், நகரச் சாக்கடைக்குக் குளோவாக்கினா, கதவுக் கீலுக்குக் கார்தேயா என்று நீளும் பட்டியலைக் கண்டு பிற்காலக் கிறிஸ்துவ அறிஞர் அகஸ்டின், ஒரு வாசலைக் காக்க ஒரு மனிதன் போதும், இவர்களுக்கு மூன்று தெய்வங்கள் வேண்டியிருக்கின்றன என்று எள்ளி நகையாடினார்.

ஆயர் ஈத்தாம் வாசகி: தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலையில் பால்குடம் எடுப்பதாக என் தாயார் நேர்ந்துகொண்டு, நாற்பது ஆண்டுகளாகச் செலுத்தி வருகிறார். நேர்த்திக்கடன் என்பது ரோமர்களிடம் உண்டா?

உண்டு, அவர்களுடைய சமயத்தின் முதுகெலும்பே அதுதான் என்று நான் சொல்வேன். 'நீ தருவதற்காக நான் தருகிறேன்' என்னும் பொருளில் அமைந்த மூன்று சொல் இலத்தீன் தொடர் ஒன்று அவ்வுறவைச் சுருக்கிச் சொல்லும். பேரரசு பரவிய இடங்களிலெல்லாம், கல்லில் பொறித்த நேர்ச்சை வாசகங்களின் முடிவில் நான்கு எழுத்துகள் மட்டும் நிற்பதைக் காணலாம். 'நேர்ந்துகொண்டதை மனமுவந்து, அத்தெய்வத்தின் தகுதிக்கேற்பச் செலுத்தினேன்' என்பதன் சுருக்கம் அது. அடிக்கடி எழுத வேண்டியிருந்ததால் கல்தச்சர்கள் அவ்வாறு குறுக்கினார்கள்.

நோய்க்கு நேர்ந்தவர்கள் குணமான உறுப்பைச் சுட்ட மண்ணில் செய்து காணிக்கையாக வைத்தார்கள். கை, கால், கண், காது, கருப்பை என இத்தாலிய மண்ணில் அவை குவியல் குவியலாகக் கிடைத்துள்ளன. கண்நோய்க்குக் கண்மலர் சாத்துவதும், வெள்ளித் தகட்டில் கைகால் செய்து உண்டியலில் போடுவதும் நாம் அறிந்தவை. கி.மு. 293இல் ரோமைக் கொள்ளைநோய் தாக்கியபோது, கிரேக்க மருத்துவத் தெய்வமான அஸ்கிலேபியஸை அழைத்துவரத் தூதுக்குழு புறப்பட்டது. அத்தெய்வத்தின் பாம்பு கப்பலில் வந்து டைபர் ஆற்றின் தீவில் இறங்கியதாக மரபு. இரண்டு ஆண்டுகளில் அங்கே கோயில் எழுந்தது. அந்தத் தீவில் இன்றும் ஒரு மருத்துவமனை இயங்குகிறது.

உங்கள் தாயாரின் நேர்ச்சைக்கும் அவர்களுடையதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, ரோமர்கள் அதைப் பத்திரம் எழுதுவது போல எழுதியதுதான். கி.மு. 217இல் கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹன்னிபாலிடம் திரசிமேன் ஏரிக்கரையில் படையைப் பறிகொடுத்த பின், நாடு ஐந்து ஆண்டுகள் காக்கப்பட்டால் ஓர் இளவேனிற் பருவத்தில் ஈனப்படும் பன்றி, செம்மறி, வெள்ளாடு, மாடு ஆகியவற்றின் குட்டிகள் அனைத்தையும் ஜூபிட்டருக்குப் பலியிடுவதாக மக்களின் ஒப்புதலுடன் நேர்ந்தார்கள். பலிக்கு உரிய விலங்கு தானாக இறந்தால் குற்றமில்லை, அதை யாரேனும் திருடினால் பறிகொடுத்தவர் மேல் பழியில்லை, அறியாமல் தகாத நாளில் பலியிட்டாலும் செல்லும் என்று விதிவிலக்குகள் வரிசையாக அந்த வாசகத்திலேயே எழுதப்பட்டன. வழக்கறிஞரை அருகில் வைத்துக்கொண்டு தெய்வத்திடம் பேசியவர்கள் அவர்கள். அந்த நேர்ச்சை கி.மு. 195இல் செலுத்தப்பட்டது, செலுத்திய முறையில் குற்றம் இருக்கிறது என்று குருமார்கள் கூறவே, அடுத்த ஆண்டு முழுவதையும் மறுபடி செய்தார்கள்.

கிள்ளான் வாசகர்: மேற்கண்டது போல், சடங்கில் பிழை நேர்ந்தால் மீண்டும் செய்ய வேண்டுமா? அவர்கள் சகுனமும் பார்த்தார்களா?

(வாசகர் கேட்ட இடம் வேறு என்றாலும், கேள்வி இங்கே பொருந்துவதால் இவ்வாறு திருத்தி வைத்தேன்.) ஆம். அரசு சார்பான பூசையில் ஒருவர் எழுத்தைப் பார்த்து மந்திரத்தைச் சொல்லிக் கொடுப்பார், மற்றொருவர் பிழை நேராமல் கண்காணிப்பார், மூன்றாமவர் கூட்டத்தை அமைதி காக்கச் சொல்வார். தகாத ஓசை எதுவும் காதில் விழாதபடி குழலூதுபவர் இடைவிடாது ஊதிக்கொண்டிருப்பார். தாலி கட்டும் நேரத்தில் தும்மலும் அழுகையும் கேட்கக் கூடாதென்று கெட்டிமேளம் கொட்டும் நாதசுரக் குழுவினருக்கு அந்தக் குழல்காரரின் வேலை உடனே விளங்கும். விழாவில் குழல் திடீரென்று நின்றாலும், ஆடுபவர் நடுவில் நின்றுவிட்டாலும் விழா கெட்டதாகக் கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். மூஞ்சூறு கீச்சிட்டதால் ஒரு சர்வாதிகாரி, அதாவது நெருக்கடிக் காலத்தில் முழு அதிகாரம் பெற்ற ஆட்சித் தலைவர், பதவி விலக நேர்ந்தது என்றும் பழைய நூல்கள் கூறுகின்றன. நம்மிடம் அது பிள்ளையாரையே சுமக்கிறது.

சகுனத்தைப் பொறுத்தவரை, நம்முடைய கௌளி சாஸ்திரமும் புள் நிமித்தமும் வீட்டளவில் நிற்பவை. ரோமில் அது அரசாங்கத் துறை. பறவைகளைப் பார்க்கும் குருமாரும், ஆட்டு ஈரலின் குறிகளைப் படிக்கும், இத்தாலியின் பழைய இனத்தவரான எத்துருஸ்க வல்லுநர்களும் தனித்தனியே இருந்தார்கள். போருக்குச் செல்லும் படை கூண்டில் கோழிகளைக் கொண்டுபோகும்; போட்ட தீனியை அவை அலகிலிருந்து சிந்தும் அளவுக்கு ஆவலுடன் தின்றால் நல்ல சகுனம். கி.மு. 249இல் சிசிலித் தீவின் திரெப்பானா துறைமுகத்துக்கு அருகே கோழிகள் தின்ன மறுத்தபோது, கடற்படைத் தலைவர் கிளாடியுஸ் புல்கர், 'தின்னாவிட்டால் குடிக்கட்டும்' என்று அவற்றைக் கடலில் எறியச் செய்தார். அன்றைய போரில் அவர் 93 கப்பல்களை இழந்தார். சிசரோ என்னும் பேச்சாளர் தாமே பறவைச் சகுனம் பார்க்கும் குருவாக இருந்துகொண்டு, கூண்டில் பட்டினி போட்ட கோழி தின்னாமல் என்ன செய்யும் என்று எழுதினார். ஆனாலும் பதவியை விடவில்லை.

ஜார்ஜ் டவுன் வாசகர்: பினாங்கில் தைப்பூசத்தின்போது சீனர்களும் தேங்காய் உடைக்கிறார்கள். ரோமர்கள் பிறர் தெய்வங்களை எப்படி நடத்தினார்கள்?

எதிரியின் தெய்வத்தையே அழைத்துக்கொண்டார்கள். கி.மு. 396இல் ரோமுக்கு அருகே இருந்த எத்துருஸ்கரின் வெயி நகரை முற்றுகையிட்டபோது, அந்நகரின் ஜூனோ தேவியிடம், எங்கள் பக்கம் வந்தால் ரோமில் பெரிய கோயில் கட்டுகிறோம் என்று நேர்ந்தார்கள். நகரம் வீழ்ந்தபின் சிலையை எடுக்கச் சென்ற இளைஞர்களில் ஒருவன், 'ஜூனோ, ரோமுக்கு வர விருப்பமா?' என்று பாதி விளையாட்டாகக் கேட்க, சிலை தலையசைத்ததாக மற்றவர்கள் ஆரவாரம் செய்தார்களாம். கி.மு. 204இல் சிறிய ஆசியாவிலிருந்து (இன்றைய துருக்கி) பெருந்தாய்த் தெய்வத்தைக் கருங்கல் வடிவில் வரவழைத்துப் பலத்தீன் குன்றில் அமர்த்தினார்கள். ஆனால் அரசின் கண்ணுக்குத் தெரியாமல் மக்கள் கூடினால் பொறுக்கமாட்டார்கள். கி.மு. 186இல் மதுத் தெய்வமான பாக்கஸின் வழிபாட்டுக் கூட்டங்களை ஆட்சிமன்றம் கடுமையாக ஒடுக்கி, ஐந்து பேருக்கு மேல், அதாவது இரண்டு ஆண்களும் மூன்று பெண்களும் தவிர, அனுமதியின்றி இச்சடங்கிற்குக் கூடக்கூடாது என்று ஆணையிட்டது. அந்த ஆணை பொறித்த வெண்கலத் தகடு இன்றும் வியன்னாவில் உள்ளது.

புக்கிட் மெர்தாஜாம் வாசகி: தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவர்களுக்குப் படையல் போடுவது போல அவர்களிடமும் ஏதாவது உண்டா?

இரண்டு உண்டு. பிப்ரவரி 13 முதல் 21 வரை முன்னோரைக் கல்லறைக்குச் சென்று மதிக்கும் காலம். பூமாலை, தானியம், உப்பு, மதுவில் நனைத்த ரொட்டி ஆகியவையே போதும் என்கிறார் கவிஞர் ஓவிட். அந்நாள்களில் கோயில்கள் மூடியிருக்கும், திருமணம் நடவாது. 22ஆம் நாள் உயிரோடிருக்கும் உறவினர் கூடி விருந்துண்பார்கள். மற்றது மே மாதம் 9, 11, 13 ஆகிய இரவுகளில் நடப்பது. நள்ளிரவில் குடும்பத் தலைவர் வெறுங்காலுடன் எழுந்து, கைகழுவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கறுப்பு அவரை விதைகளை எறிந்தபடி, 'இவற்றால் என்னையும் என்னைச் சேர்ந்தவர்களையும் மீட்கிறேன்' என்று ஒன்பது முறை சொல்வார். பிறகு வெண்கலத்தைத் தட்டி, ஆவிகளை வெளியேறச் சொல்வார். முதலாவதை நம் படையலோடும், இரண்டாவதைச் சீன அண்டை வீட்டாரின் பேய் மாதத்து அச்சத்தோடும் ஒப்பிடலாம். மே மாதத்தில் பெண் எடுப்பது ஆகாது என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு இருந்தது; ஆடி மாதத்திற்கு அஞ்சும் நமக்கு அது புதிதல்ல.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: ரோமர்களின் கிழமைகளும் நம் கிழமைகளும் ஒரே கோள்களின் பெயரால் ஒரே வரிசையில் இருப்பது எப்படி?

ஏனெனில் இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. பழைய ரோமர்கள் எட்டு நாள் சந்தைச் சுற்றைத்தான் பின்பற்றினார்கள். கோள்வாரம் பேரரசின் தொடக்கக் காலத்தில் பரவியது. பொம்பெயிச் சுவர் ஒன்றில் சனி, ஞாயிறு, திங்கள் என அத்தெய்வங்களின் பட்டியலை யாரோ கீறி வைத்திருக்கிறார்கள். வரிசைக்குக் காரணம் ஒரு கணக்கு. கோள்களை மெதுவாகச் சுற்றுவது முதல் விரைவாகச் சுற்றுவது வரை சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என அடுக்கி, ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒன்றுக்குக் கொடுத்துக்கொண்டே போங்கள். சனிக்கிழமையின் முதல் மணி சனிக்கு. 22ஆவது மணியும் சனிக்கு. 23 வியாழனுக்கு, 24 செவ்வாய்க்கு. அடுத்த நாளின் முதல் மணி ஞாயிற்றுக்கு வந்துவிடும். நாளின் முதல் மணியை ஆள்பவரே அந்த நாளுக்கு அதிபதி. பஞ்சாங்கத்தில் நீங்கள் பார்க்கும் ஹோரை இதே கணக்குத்தான். அச்சொல்லே மணி நேரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கிரேக்கச் சோதிடத்தின் வழியாக இம்முறை இந்தியாவுக்கு வந்தது. வியாழக்கிழமையைக் குறிப்பிடும், மத்திய இந்தியாவின் ஏரண் தூண் கல்வெட்டு கி.பி. 484ஐச் சேர்ந்தது.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. மலாய் மொழியில் கிழமைகள் அரபுச் சொற்களால் அமைந்தாலும், ஞாயிற்றுக்கிழமைக்கு வழங்கும் 'மிங்கு' மட்டும் போர்த்துகீசியரின் 'தொமிங்கோ', அதாவது இலத்தீனில் 'ஆண்டவரின் நாள்'. சூரியனின் நாளை ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321இல் ஓய்வு நாளாக்கினார்.

பூச்சோங் வாசகர்: ரோமர்கள் தம் சமயத்தைத் தமிழரிடமிருந்து கற்றதாகப் புலனத்தில் ஒரு காணொளி வந்தது. உண்மையா?

இல்லை. மிளகு வாங்கினார்கள், பொன் கொடுத்தார்கள்; அகநானூறு அதைச் சொல்கிறது. பழைய ரோம வழிவரைபடம் ஒன்று முசிறிக்கு அருகே அகஸ்டஸ் கோயில் என்று ஒரு கட்டடத்தைக் குறிக்கிறது. ஆக, கோயிலை அவர்கள்தாம் அங்கே கொண்டுவந்தார்கள். இப்பக்கங்களில் நான் காட்டிய ஒப்புமைகளைக் கொண்டு இன்னொரு காணொளி செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஈப்போ சாலை வாசகி: இவ்வளவும் எப்படி மறைந்தது?

ஒரே நாளில் மறையவில்லை. ரோமின் நடுவே வெஸ்தாவின் வட்டக் கோயிலில், ஆறு கன்னியர் அணையாத் தீயைக் காத்து வந்தார்கள். ஆறு முதல் பத்து வயதுக்குள் தேர்ந்தெடுக்கப்பட்டு, பத்து ஆண்டு கற்று, பத்து ஆண்டு செய்து, பத்து ஆண்டு கற்பித்து, முப்பது ஆண்டு பணி முடிந்தால் மணம் செய்துகொள்ளலாம். இடையில் கற்பு தவறினால் உயிருடன் புதைக்கப்பட்டார்கள். கி.பி. நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்துவப் பேரரசர்கள் இவர்களுக்கான அரசு மானியத்தை நிறுத்தினார்கள். பலியையும் தடை செய்தார்கள். கோயில்கள் மூடப்பட்டாலும் வீட்டு மாடங்கள் இருந்தன அல்லவா? கி.பி. 392இல் தியோடோசியஸ் பிறப்பித்த சட்டம் அவற்றையும் தேடி வந்தது. தீயால் லாரையும், மதுவால் ஜீனியஸையும், நறும்புகையால் பெனாத்தர்களையும் வழிபடக்கூடாது. விளக்கேற்றக்கூடாது, சாம்பிராணி போடக்கூடாது, மாலை தொங்கவிடக்கூடாது என்று அது ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்கியது. சாம்பிராணி புகைந்தது உறுதியானால், புகைந்த வீடு அதை ஏற்றியவருக்கே உரியதாக இருக்குமிடத்து, அவ்வீடு அரசுக் கருவூலத்தில் சேர்க்கப்பட்டது.